இலவசக் காவலாளி வேண்டுமா?



நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் பிடித்து நீங்கள் பயணம் செய்திருப்பீர்கள். தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி வந்ததும் காற்று முகத்தில் அறையும். இருபுறமும் மலைகள். நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள். மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில் இயற்கை விட்டுவைத்த வாசல் அது. திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் இந்த வாசலை அடைத்து நீண்ட மதில் எழுப்பி, கோட்டை வாயில் வைத்துக் காவல் போட்டிருந்தார்கள்.

1809 பிப்ரவரியில், வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இந்த மதிலைப் பிடித்தது. எப்படிப் பிடித்தது தெரியுமா? வாயிலுக்கு நேரே வந்து மோதியா? இல்லை. ஒரு படைப்பிரிவு இரவோடு இரவாக ஓரத்து மலைப்பக்கமாக ஏறி, மதிலைப் பக்கவாட்டில் தாக்கியது. விடிந்தபோது காவல் கலைந்துபோயிருந்தது.

அறிவியல் இதழில் வரலாற்றுப் பாடம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கும் ஓர் ஆரல்வாய்மொழி உண்டு. அதன் காவலுக்குப் பொறுப்பு யார்? அப்பாவா? அம்மாவா? பெரும்பாலான வீடுகளில் அது நீங்கள்தான்! அந்தக் கணிப்பொறியில்தான் அப்பா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். அக்கா கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள். வளைகுடா நாட்டில் வேலை செய்யும் சித்தப்பா அனுப்பிய பணம் வந்துவிட்டதா என்று சித்தி வந்து பார்த்துப் போகிறார். ஏதாவது கோளாறு என்றால் எல்லோரும் கூப்பிடுவது உங்களைத்தான். ஆகவே இந்தக் கட்டுரையை உங்களுக்கே எழுதுகிறேன்.

தீச்சுவர் என்பது என்ன?

நெருக்கமாகக் கட்டிய கட்டடங்களில் ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குப் பரவாமல் இருக்க, நடுவே தடித்த சுவர் ஒன்றைக் கட்டுவார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஃபயர்வால் என்று பெயர். அந்தப் பெயரையே கணிப்பொறிக்காரர்கள் இரவல் வாங்கிக்கொண்டார்கள். நாம் தீச்சுவர் என்று சொல்வோம்.

இணையத்தில் எந்தச் செய்தியும் முழுதாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி இரண்டும் இருக்கும். எந்த வாயிலுக்குச் செல்ல வேண்டும் என்ற எண்ணும் இருக்கும். இந்த வாயிலைப் போர்ட் என்பார்கள். வாயில் எண்ணைக் குறிக்க 16 இரும இலக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டை 16 முறை பெருக்கிப் பாருங்கள். 65,536 வரும். அத்தனை வாயில் எண்கள் உங்கள் சின்னஞ்சிறு பெட்டிக்கு உண்டு!

பயப்பட வேண்டாம். ஒரு வாயிலின் பின்னால் ஏதாவது ஒரு மென்பொருள் காத்திருந்தால்தான் அது திறந்த வாயில். இல்லையென்றால் தட்டுபவருக்குக் கதவு திறக்க ஆள் இல்லை. விண்டோஸ் கணிப்பொறிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள 445-ஆம் வாயிலைப் பயன்படுத்துகின்றன. பாதுகாப்பான இணையதளங்கள் தங்கள் பக்கத்தில் 443-ஆம் வாயிலில் காத்திருக்கின்றன.

தீச்சுவர் என்பது இந்த வாயில்களின் முன்னே நிற்கும் காவலாளி. அவன் கையில் ஒரு விதிப் பட்டியல் இருக்கிறது. எந்த முகவரியிலிருந்து, எந்த வாயிலுக்கு, எந்த மென்பொருளுக்கு வரும் பொட்டலத்தை விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அவனிடம் ஒரு பதிவேடும் உண்டு. நீங்கள் ஓர் இணையதளத்தைக் கேட்டால், ‘இன்ன இடத்துக்குக் கேள்வி போயிருக்கிறது’ என்று குறித்துக்கொள்கிறான். பதில் வரும்போது பதிவேட்டைப் பார்த்து உள்ளே விடுகிறான். யாரும் கேட்காமலே வந்து கதவைத் தட்டும் பொட்டலத்தை வெளியிலேயே நிறுத்துகிறான். இவ்வளவுதான் தீச்சுவரின் அடிப்படை.

தூங்கிய காவலாளி

1988 நவம்பர் 2 அன்று மோரிஸ் புழு என்ற நிரல் இணையத்தில் பரவியது. அப்போது இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணிப்பொறிகள். அவற்றில் ஏறத்தாழ 6,000 முடங்கின என்று அந்நாளில் மதிப்பிட்டார்கள். பத்தில் ஒன்று! வலைகளுக்கு வாயிற்காவல் வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு வலுப்பெற்றது.

வீட்டுக் கணிப்பொறிகளுக்குப் பாடம் பின்னால் வந்தது. 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் தீச்சுவர் இருந்தது. ஆனால் அது இயக்கப்படாத நிலையிலேயே வந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, 135-ஆம் வாயில் வழியே இலட்சக்கணக்கான கணிப்பொறிகளில் நுழைந்தது. யாரும் எந்தக் கோப்பையும் திறக்கவில்லை. இணையத்தோடு இணைந்திருந்ததே போதுமாக இருந்தது. காவலாளி வீட்டிலேயே இருந்தான், தூங்கிக்கொண்டிருந்தான்! 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் திருத்தத் தொகுப்புக்குப் பிறகுதான் விண்டோஸின் தீச்சுவர் தானாகவே விழித்திருக்கத் தொடங்கியது.

தூங்கிய காலத்தில் தனி மென்பொருள்கள் தேவைப்பட்டன. ஜோன்அலார்ம் போன்ற இலவசத் தீச்சுவர்கள் புகழ்பெற்றது அப்போதுதான். ‘வீட்டுக் கணிப்பொறிக்கு எந்த இலவசத் தீச்சுவர் நல்லது?’ என்ற கேள்வி அந்தக் காலத்தின் நியாயமான கேள்வி. இன்றும் பலர் அதையே கேட்கிறார்கள். நிலைமை மாறியதை அவர்கள் கவனிக்கவில்லை.

இலவசம் மூன்று வகை

‘இலவசம்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன.

முதல் வகை, கணிப்பொறியோடு சேர்ந்தே வருவது. விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் தீச்சுவர் உள்ளேயே இருக்கிறது. தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம், தேடவும் வேண்டாம்.

இரண்டாம் வகை, ஒரு நிறுவனம் விலையில்லாமல் தருவது. இதில் நேர்மையானவை உண்டு. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். நூற்றுக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? சில நிறுவனங்கள் விலையுள்ள பதிப்பை வாங்கச் சொல்லி நச்சரிக்கும். சில விளம்பரம் காட்டும். சில அதற்கும் மேலே போகும். அவாஸ்ட் என்ற புகழ்பெற்ற நிறுவனம் இலவச நச்சுநிரல் தடுப்பு மென்பொருளைக் கோடிக்கணக்கானோருக்குக் கொடுத்தது. அவர்கள் எந்தெந்த இணையதளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் மூலம் அது விற்றுவந்தது 2020 ஜனவரியில் செய்தியாக வெளிவந்தது. உடனே ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், அவாஸ்ட் 1 கோடியே 65 இலட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. காவலுக்கு வைத்தவனே வீட்டுக்கு யார் வந்தார், என்ன பேசினார் என்று சந்தையில் விற்றால் எப்படி இருக்கும்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

மூன்றாம் வகை, கட்டற்ற மென்பொருள். இதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வளர்ந்த மரபு இது. லினக்ஸின் கருவுக்குள் இருக்கும் நெட்ஃபில்டர் என்ற தீச்சுவர் இவ்வகை. அதில் திருட்டு வேலை எதுவும் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. சந்தேகம் இருப்பவர் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அறிவியலில் ஒரு முடிவை அறிவிப்பவர் சோதனை முறையையும் சேர்த்து வெளியிடுகிறார் அல்லவா? அதே மனப்பான்மைதான் இது.

என் கருத்து

இப்போது என் கருத்தைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கணிப்பொறிக்குப் புதிதாக ஓர் இலவசத் தீச்சுவரைத் தேடி அலைய வேண்டாம். உள்ளே இருப்பது விழித்திருக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் கட்டற்ற வகையில் மட்டும் தேர்ந்தெடுங்கள்.

நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். கெட்டிக்காரன். இணையத்தில் ‘இலவசத் தீச்சுவர்’ என்று தேடி, முதலில் வந்த விளம்பரத்தை அழுத்தி ஒன்றை நிறுவினான். பிறகு நண்பன் சொன்னான் என்று இன்னொன்றையும் நிறுவினான். இரண்டு காவலாளிகளும் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துச் சண்டையிட்டார்கள். கணிப்பொறி ஆமையாக ஊர்ந்தது. தேடுபொறி தானாக மாறிவிட்டது. அக்கா விண்ணப்பம் போட வேண்டிய கடைசி நாளில் இணையம் அடியோடு நின்றுவிட, அவள் வடசேரியில் ஒரு நெட் சென்டருக்கு ஓட வேண்டியதாயிற்று. பாதுகாப்புக்காகச் செய்த வேலை, பாதுகாப்பில்லாத பொதுக் கணிப்பொறியில் அவளைக் கொண்டு நிறுத்தியது!

நீங்கள் ஒரு மறுப்புச் சொல்லலாம். ‘விண்டோஸின் தீச்சுவர் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிறது. உள்ளிருந்து வெளியே போவதை இயல்பாக விட்டுவிடுகிறதே? திருடன் உள்ளே புகுந்தபின் பொருளை எடுத்துக்கொண்டு வெளியே போனால்?’ நல்ல கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. வெளியே போவதை ஒவ்வொன்றாகக் காட்டி ‘விடலாமா?’ என்று கேட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. லினக்ஸுக்கு ஓப்பன்ஸ்னிச், மேக்குக்கு லூலூ, விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் போர்ட்மாஸ்டர் என்பவை இவ்வகையில் கட்டற்றவை. கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவர்களுக்கு இவை அருமையான ஆய்வுக்கூடங்கள்.

ஆனால் இவற்றின் வலிமை முழுவதும் பதில் சொல்லும் மனிதரிடம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இருபது முறை ‘விடலாமா?’ என்று கேட்டால் என்ன செய்வோம்? பத்தாவது முறையிலிருந்து படிக்காமலே ‘சரி’ என்று அழுத்துவோம். அம்மா கட்டாயம் அழுத்துவார், சமையல் அடுப்பில் இருக்கும். கேட்டதற்கெல்லாம் சரி சொல்லும் எசமானனுக்குக் காவலாளி எதற்கு? மேலும், நிர்வாகி உரிமையோடு உள்ளே புகுந்துவிட்ட நச்சு நிரல் தீச்சுவரையே அணைத்துவிட முடியும்.

பக்கத்து வீட்டுப் பாடம்

கன்னியாகுமரியிலிருந்து கிழக்குக் கடற்கரையோரமாகச் சுமார் 25 கிலோமீட்டர் சென்றால் திருநெல்வேலி மாவட்டத்தின் கூடங்குளம். 2019-இல் அங்குள்ள அணுமின் நிலையத்தைக் குறித்து ஒரு செய்தி பரவி, நம் மாவட்டத்திலும் பலரைக் கவலைப்பட வைத்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் அதிகாரபூர்வமாக விளக்கம் தந்தது. தங்கள் அமைப்பில் நச்சு நிரல் கண்டறியப்பட்டது உண்மை. இந்தியக் கணிப்பொறி அவசர நடவடிக்கைக் குழு அதைச் செப்டம்பர் 4 அன்று தெரிவித்திருந்தது. தொற்று ஏற்பட்டது, நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த ஒருவரின் கணிப்பொறியில். அந்த வலை முக்கியமான உள்வலையிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது என்று கழகம் கூறியது.

அந்த நிரலை ஆய்வாளர்கள் டிட்ராக் வகை என்று அடையாளம் கண்டனர். டிட்ராக் ஓர் உளவாளி. விசைப்பலகையில் தட்டுவதைக் குறித்துக்கொள்ளும், பார்த்த இணையதளங்களின் பட்டியலை எடுக்கும், கோப்புகளின் பெயர்களைத் திரட்டும், எல்லாவற்றையும் வெளியே அனுப்ப முயலும்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? இவ்வளவு பெரிய நிறுவனத்திலும் ஒரு கணிப்பொறி தொற்றுக்கு உள்ளாக முடியும். அப்போது கைகொடுப்பது பிரித்து வைத்தல். நெல் விதையையும் சாப்பாட்டு நெல்லையும் ஒரே பத்தாயத்தில் யாராவது போடுவார்களா? விதை தனியே இருந்தால்தான் அடுத்த பூவுக்கு நடவு உண்டு.

கறையான் அரித்த கதவு

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அண்ணனோ அக்காவோ வாங்கிய மடிக்கணினி இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் விண்டோஸ் 7 இருந்தால் கவனியுங்கள். 2020 ஜனவரி 14-உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

ஏன் இது முக்கியம்? 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற நிரல் 445-ஆம் வாயில் வழியே பரவி, சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஆந்திரக் காவல்துறையின் சில கணிப்பொறிகளும் அதில் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது! நிறுவிக்கொண்டவர்கள் தப்பினார்கள். நிறுவாதவர்கள் மாட்டினார்கள். திருத்தமே வராத கணிப்பொறியில் எத்தனை தீச்சுவர் போட்டாலும் அது கறையான் அரித்த கதவுக்குப் பித்தளைப் பூட்டுப் போட்டது போலத்தான்.

அப்படிப்பட்ட பழைய மடிக்கணினியைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் லினக்ஸ் வகை ஒன்றை நிறுவலாம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் இயங்கும். நிறுவும் முன் கோப்புகளையும் படங்களையும் வேறிடத்தில் நகலெடுத்து, வீட்டிலும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றே செய்து பாருங்கள்

1. தீச்சுவர் இயங்குகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். உபுண்டு லினக்ஸிலும் மேக்கிலும் அது இயல்பாக இயக்கப்படாமல் இருக்கலாம். இயக்கிவிடுங்கள்.

2. விண்டோஸில் ஒவ்வொரு வலையையும் ‘தனி’ என்றோ ‘பொது’ என்றோ குறிக்கலாம். ரயில் நிலையம், விடுதி, கடை ஆகியவற்றின் வைஃபையை எப்போதும் ‘பொது’ என்றே குறியுங்கள்.

3. தீச்சுவர் அனுமதித்துள்ள மென்பொருள்களின் பட்டியலை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ‘இது எதற்கு?’ என்று விடை எழுத முயலுங்கள். விடை தெரியாததை ஆசிரியரிடம் கேளுங்கள். தேவையற்றதை நீக்குங்கள்.

4. விளையாடவும் படம் பார்க்கவும் நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை ஏற்படுத்துங்கள். இதுதான் வீட்டுக்குள்ளே நாம் செய்யக்கூடிய பிரித்து வைத்தல்.

5. முக்கியமான சான்றிதழ்களையும் படங்களையும் வெளி வட்டில் நகலெடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். செருகியே இருக்கும் நகல் நகலே அல்ல.

தொற்று இருக்குமோ என்று சந்தேகமா? 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா இலவசத் துப்புரவுக் கருவிகளைத் தருகிறது. பணம் பறிபோனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். ‘நான்தான் ஏதோ அழுத்திவிட்டேன்’ என்று பயந்து மறைக்காதீர்கள். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

இனி ஆரல்வாய்மொழிக்குத் திரும்புவோம். அந்த மதிலைக் கட்டியவர்கள் சோம்பேறிகள் அல்லர், வாயிலில் காவலும் இருந்தது. பகைவன் வாயிலைத் தவிர்த்து மலையேறி வந்தான், அவ்வளவுதான். இன்றைய திருடனும் 65,536 வாயில்களையும் விட்டுவிட்டு, ‘பரிசு விழுந்திருக்கிறது, இதை அழுத்துங்கள்’ என்று உங்கள் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்புகிறான். அந்த மலைப்பாதையில் தீச்சுவர் நிற்பதில்லை. அங்கே நிற்க வேண்டியது நீங்கள்.

இன்று மாலை அம்மா கைப்பேசியை எடுக்கும்போது, சற்று அருகில் உட்கார்ந்து இதைச் சொல்லிக் கொடுங்கள். வீட்டுக்கு நீங்கள் தரக்கூடிய நல்ல இலவசக் காவல் அதுதான்.